நோய் வந்தால் மெலிவது இயல்பா?



படிவம் இரண்டில் சத்துணவுப் பாடம் தொடங்கும் நாளில் நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? ஆண்டுதோறும் ஒரே பதில்தான். எங்கோ ஆப்பிரிக்காவில், வயிறு ஊதி, கைகால் சூம்பிப்போன ஒரு குழந்தை. புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் நாம் பார்த்துப் பழகிய படம் அது.

அந்தப் படத்தில் நம் வீட்டு ஆள் யாரும் இல்லை. ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் தெருமுனையிலேயே கிடைக்கும் ஊரில் ஊட்டச்சத்துக் குறைபாடு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் அதே குறைபாடு என் பெரியம்மாவின் உடம்பில் என் கண்ணெதிரே வளர்ந்தபோது, அறிவியல் ஆசிரியனான எனக்கு அது தெரியவில்லை.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்: புற்றுநோய் கண்டவர்களுக்கு வரும் ஊட்டச்சத்துக் குறைபாடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாளி மெலிவதை ‘நோயின் இயல்பு’ என்று விட்டுவிடக் கூடாது. தனியாகப் பெயரும் அளவும் உள்ள இன்னொரு நோய் அது. அதைச் சந்தேகிக்க ஓர் எடைக்கருவியும் இரண்டு கேள்விகளும் போதும். அதைச் செய்யக்கூடிய ஆள், பல வீடுகளில், நீங்கள்தான்.

அட்டையில் இருந்த எண்கள்

பெரியம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். இடுப்பில் வெற்றிலைப் பை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பை கூடவே வந்தது. ஒருநாள் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று தெரிந்தது. சோதித்ததில் வாய்ப்புற்றுநோய்.

அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. அதனால் பள்ளி விடுமுறை நாள்களில் மருத்துவமனைக்கு நான் கூடப் போவேன். “சாப்பாடு எப்படி?” என்று அங்கே கேட்பார்கள். பெரியம்மா, “சாப்பிடுறேன்யா, சாப்பிடுறேன்” என்பார். நான் அதை மலாயில் “மாக்கான் ஓகே” என்று சொல்லிவிடுவேன். அந்த ‘ஓகே’யை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் போனபோது அவருடைய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்தியிருந்தார். “மெலிஞ்சிட்டீங்களே பெரியம்மா” என்றேன். “நோயி தின்னுது வாத்தியாரே, நான் என்ன செய்ய?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முறுக்குத் தட்டு கைக்கு வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பிறகு கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. பாதியில் ஒருநாள், முகத்துக்குப் போடும் அச்சு தொளதொளவென்று ஆகிவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள். அப்போதுதான் ஓர் உணவியல் நிபுணர் எங்களிடம் வந்து, “ஆறு மாதத்துக்கு முன்பு இவர் எடை என்ன?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே பெரியம்மாவின் சிகிச்சை அட்டையை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு வருகையிலும் யாரோ ஒருவர் எழுதிய எண்கள் அதில் இருந்தன: 54, 52, 50, 47. ஐந்து மாதத்தில் 7 கிலோ. நான் கையில் வைத்துக்கொண்டே திரிந்த அட்டை அது. ஒரு தடவைகூட அந்த நான்கு எண்களையும் சேர்த்துப் படித்ததில்லை.

பார்த்தும் தெரியாமல் போவது

வகுப்பில் மாணவர்கள் சொல்லும் அந்த ஊதிய வயிற்றுக் குழந்தையின் நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அதை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். 1930களில் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானாவில் வேலை பார்த்தவர். அங்குள்ள தாய்மார்களிடம் கேட்டு, அவர்களுடைய மொழியில் வழங்கிய பெயரையே அந்த நோய்க்கு எடுத்துக்கொண்டார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

1933-இல் அவர் இதை எழுதியபோது, இது புதிதல்ல, பெல்லாக்ரா என்ற பழைய நோய்தான் என்று மறுத்தவர்கள் உண்டு. உடம்பு வீங்கியிருக்கும் குழந்தையைப் பார்த்து, இதற்குப் புரதம் போதவில்லை என்று யாருக்குத் தோன்றும்? வில்லியம்ஸுக்குத் தோன்றியது. அவர் 1936-இல் நம் மலாயாவுக்கே மாற்றலாகி வந்தார் என்பதும், ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்தார் என்பதும் உங்களுக்குக் கூடுதல் செய்தி.

ஊட்டச்சத்துக் குறைபாடு எப்போதும் நாம் எதிர்பார்க்கும் உருவத்தில் வருவதில்லை. புற்றுநோயாளியிடம் அது நோயின் நிழலில் ஒளிந்துகொள்கிறது. எல்லாரும் புற்றையே பார்ப்பதால் மெலிவு கண்ணில் படுவதில்லை.

ஏன் மெலிகிறார்கள்?

முதல் காரணம் எளிது. சாப்பாடு உள்ளே போகும் வழியிலேயே கட்டி இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் மெல்லவும் விழுங்கவும் முடியாது. இரண்டு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிடும்.

இது நம் சமூகத்துக்கு நெருக்கமான செய்தி. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியிருக்கிறது. வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறிவிட்டது. அசகானிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்துப் பாட்டிகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாவது காரணம் சிகிச்சை. மருந்தும் கதிர்வீச்சும் புற்றணுக்களோடு, வேகமாகப் பெருகும் நல்ல உயிரணுக்களையும் தாக்குகின்றன. வாயின் உட்தோல் அப்படிப்பட்டது. அது புண்ணாகும், எச்சில் வற்றும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும், குமட்டல் வரும். நேற்று வரை பிடித்த மீன் குழம்பின் வாசனையே இன்று வேண்டாம் என்றிருக்கும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அறிவியல் படிப்பவர்களுக்குச் சுவையானது. புற்றுநோய் உடம்பில் ஓயாத அழற்சியை மூட்டிவிடுகிறது. தற்காப்பு உயிரணுக்கள் வெளியிடும் வேதிச் செய்திகள் மூளைக்குப் போய்ப் பசியை அடக்குகின்றன. தசைக்குப் போய்ப் புரதத்தை உடைக்கச் சொல்கின்றன. 1980களில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துக் ‘கேக்கெக்டின்’ என்று பெயரிட்டார்கள். ஏற்கெனவே வேறு ஆய்வாளர்கள் ‘கட்டி அழிப்புக் காரணி’ என்று கண்டிருந்த அதே பொருள்தான் அது என்பது 1985-இல் தெரிந்தது. ஜி.டி.எஃப்.15 என்ற இன்னொரு புரதம் மூளைத்தண்டில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 2017-இல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்தபோது நோயாளிகளின் எடை ஏறியதை 2024-இல் வெளிவந்த ஒரு சோதனை காட்டியது. ஆய்வு இன்னும் தொடர்கிறது. ஆனால் ஒன்று தெளிவு: “சாப்பிட மனசில்லை” என்று நோயாளி சொன்னால் அது பிடிவாதம் இல்லை. மூளைக்குப் போகும் செய்தியே அப்படி.

நான்காவது, வீண் செலவு. பல புற்றணுக்கள், ஆக்சிஜன் இருக்கும்போதும், குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. ஜெர்மன் அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது இது. கல்லீரல் அந்த லாக்டிக் அமிலத்தை எடுத்து மறுபடி குளுக்கோஸாக்குகிறது. உடைக்கும்போது கிடைப்பது 2 ஏ.டி.பி.; திரும்பக் கட்டச் செலவாவது 6 ஏ.டி.பி. இரண்டு ரிங்கிட் சம்பாதிக்க ஆறு ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் ஊற்றுவதைப் போன்றது.

இந்த எல்லாம் சேர்ந்து வரும் கடும் மெலிவுக்கு மருத்துவத்தில் ‘கேக்கெக்சியா’ என்று பெயர். ‘கெட்ட நிலை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. வெறும் பட்டினியிலிருந்து இது வேறுபட்டது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு உணவைக் குறைத்துப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய உடம்பு தன் செலவையும் குறைத்துக்கொண்டது. மறுபடி போதிய உணவு கொடுத்ததும் தேறினார்கள். கேக்கெக்சியாவில் உடம்பு அப்படிச் சிக்கனம் பிடிப்பதில்லை. கொழுப்பு இருக்கும்போதே தசையும் கரைகிறது. வெறும் சோறு போட்டு முழுதாகத் திருப்பிவிட முடியாது. எனவேதான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள்

1999-இல் ஆஸ்திரேலிய உணவியல் ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் புற்றுநோய்ப் பிரிவுகளிலும் அது பயன்படுகிறது. அதில் இரண்டே கேள்விகள்.

ஒன்று: முயற்சி செய்யாமலே அண்மையில் எடை குறைந்திருக்கிறதா? இல்லை என்றால் 0. குறைந்திருந்தால், 1 முதல் 5 கிலோ வரை 1 புள்ளி. 6 முதல் 10 வரை 2. 11 முதல் 15 வரை 3. அதற்கு மேல் 4. ‘தெரியவில்லை’ என்றால் 2 புள்ளி.

இரண்டு: பசி குறைந்து, சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாரா? ஆம் என்றால் 1 புள்ளி.

கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து இருக்கிறது. உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்குக் கணக்குப் போட்டால் 7 கிலோவுக்கு 2, பசியின்மைக்கு 1, ஆக 3.

‘தெரியவில்லை’ என்ற விடைக்கு 2 புள்ளி கொடுத்திருப்பதைக் கவனித்தீர்களா? எடை தெரியாமல் இருப்பதையே அவர்கள் ஆபத்தாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பம் அந்த ஒரு விடையிலேயே மாட்டியிருக்கும்.

இன்னொரு அளவுகோல் விழுக்காடு. 2011-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடிக் கேக்கெக்சியாவை வரையறுத்தபோது, ஆறு மாதத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை இழப்பதை எல்லையாக வைத்தார்கள். படிவம் ஒன்று கணிதம் போதும். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ. 50 கிலோ இருந்தவருக்கு இரண்டரை கிலோ. பெரியம்மா இழந்தது 54-இல் 7, அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு, அதாவது உடல் நிறைக் குறியீட்டெண் 20-க்குக் கீழ் உள்ளவருக்கு, எல்லை 2 விழுக்காடுதான். 45 கிலோ பாட்டி ஒரு கிலோ குறைந்தாலே யோசிக்க வேண்டும்.

கண்ணும் கையும் சொல்வது

எடைக்கருவி இல்லாத வீட்டிலும் தடயங்கள் உண்டு. மோதிரம் கழன்று விழும். கைக்கடிகாரம் சுழலும். கைலியைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டியிருக்கும். பல் செட் ஆடும். நெற்றிப்பொட்டு குழிவிழும், தோள்பட்டை எலும்பு கூர்மையாகத் தெரியும். கிச்சாப் போத்தல் மூடியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுவார். கடைசி இரண்டும் தசை போவதன் அடையாளம்.

ஜப்பானில் முதியவர்களின் தசை இழப்பை அறிய ஒரு விரல் சோதனை உண்டு. இரண்டு கைகளின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, தன் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல்களுக்கும் காலுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நோயாளி தன் விரல்களால் தன் காலைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் விரல்களால் அளக்கக் கூடாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நீர். பால்வெட்டு நடந்த காலத்தில் தோட்டத்தில் பாலை எடை போடுவதோடு விடமாட்டார்கள். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் எடை ஏமாற்றும் என்பதால், மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் போட்டு உள்ளே ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அடர்த்திப் பாடத்தில் நீங்கள் படித்த அதே தத்துவம். நோயாளியின் காலிலும் வயிற்றிலும் நீர் கோத்திருந்தால் எடைக்கருவியும் அப்படித்தான் ஏமாற்றும். தசை கரைந்திருக்கும், எண் மாறாமல் நிற்கும். குவாஷியோர்கர் குழந்தையின் வீக்கமும் இதே தந்திரம்தான்.

இரண்டாவது, பருமன். 85 கிலோ மாமா 76 கிலோ ஆனால், “நல்லா ஸ்லிம் ஆயிட்டாரு” என்று பாராட்டுகிறோம். முயற்சி செய்யாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் போயிருக்கிறது. பருத்த உடம்பிலும் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்க முடியும். அங்கே அது இன்னும் நன்றாக ஒளிந்துகொள்கிறது.

மெலிந்தால் என்ன ஆகிவிடும்?

1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 3,047 புற்றுநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சிகிச்சைக்கு முன்பே எடை இழந்திருந்தவர்கள், பெரும்பாலான புற்றுநோய் வகைகளில், எடை இழக்காதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். தசை குறைந்த உடம்பு மருந்தின் பக்கவிளைவுகளைத் தாங்குவதில்லை. கிருமித் தொற்று எளிதில் வரும். சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ நேரும்.

பெரியம்மாவின் முக அச்சை நினைத்துப் பாருங்கள். கதிர் மில்லிமீட்டர் கணக்கில் குறி பார்த்துப் பாய வேண்டும் என்பதால், தலை அசையாதபடி முகத்தோடு ஒட்டிய அச்சு செய்கிறார்கள். கன்னம் வற்றினால் அச்சு தளரும். தளர்ந்தால் குறி தப்பும்.

கஞ்சிக் கணக்கு

நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் வருவது கஞ்சி. பிறகு பத்தியம். முட்டை சூடு, கோழி ஆகாது, இனிப்பு புற்றுக்குத் தீனி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வாட்சாப்பில் வரும் செய்திகள் வேறு.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிண்ணம் தண்ணீர்க்கஞ்சிக்கு 30 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 110 கிலோகலோரி, 2 கிராம் புரதம். ஒரு நாளைக்கு ஐந்து கிண்ணம் குடித்தாலும் 550 கிலோகலோரி, 10 கிராம் புரதம். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 25 முதல் 30 கிலோகலோரியும் 1 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. 50 கிலோ ஆளுக்கு அது 1,250 முதல் 1,500 கிலோகலோரி. புரதம் குறைந்தது 50 கிராம். “ஐந்து வேளையும் குடிச்சாங்க” என்று நாம் நிம்மதி அடையும்போது, அவருக்குத் தேவையான புரதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது.

அதே கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் 6 கிராம் புரதம் கூடும். வேகவைத்து மசித்த பருப்பு, தௌஃபு, முள் நீக்கிய மீன், பொடித்த நெத்திலி, பால்மாவு எதுவும் சேரலாம். மூன்று வேளைப் பெரிய தட்டைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சிறு கிண்ணம் மேல்.

இனிப்பைப் பற்றி: இனிப்பை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும் என்பது வார்பர்க் கண்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த எண்ணம். நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மூலப்பொருள் தசைப் புரதம். பட்டினி போட்டால் முதலில் கரைவது நம் ஆள்தான். நீரிழிவும் இருந்தால் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

பள்ளியில் ‘சுக்கு சுக்கு செபாரு’ என்று கால், கால், அரைத் தட்டுக் கணக்குப் படிக்கிறோம். அது நலமாக இருப்பவர்களுக்கானது. எடை இழந்துகொண்டிருக்கும் நோயாளியிடம் போய், “பாட்டி, எண்ணெய் கூடாது, கீரையே அரைத் தட்டு சாப்பிடுங்க” என்று பாடம் நடத்தாதீர்கள். பாடத்தைச் சரியாகப் படித்து, தவறான ஆளுக்குச் சொன்னதாக ஆகிவிடும்.

நியாயமான மறுப்புகள்

“நோயே பெரிதாக இருக்கும்போது எடையைப் பார்ப்பானேன்?” என்று பெரியவர்கள் கேட்கலாம். மருந்தைத் தாங்குவது அந்த உடம்புதானே? அதைப் பார்க்காமல் நோயை மட்டும் எப்படிப் பார்ப்பது?

“கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்க வேண்டுமா?” வேண்டாம். பசியை அடக்குவது நோய் என்று மேலே பார்த்தோம். திட்டினாலும் கெஞ்சினாலும் அந்தச் செய்தி மாறாது. சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிவிடும். நோய் முற்றி இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு எடை முக்கியமில்லை. அவர் கேட்கும் ஒரு வாய்த் தேநீரும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் முக்கியம். அந்தக் கட்டம் எது என்று மருத்துவர் சொல்லட்டும். நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

பெரியம்மா இப்போது இல்லை. முன்கூட்டியே எடையைக் கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது, அறிவியலும் அப்படிச் சொல்லாது. ஆனால் உணவியல் நிபுணர் வந்த பிறகு, குழாய் வழியாகச் சத்துணவு கொடுத்து, எடை 47-லேயே நின்றது. மீதிக் கதிர்வீச்சைத் தடையில்லாமல் முடித்தார். அந்த உதவி நான்கு மாதம் முன்பே கிடைத்திருக்கலாம். கேட்கத் தெரியாததால் கிடைக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ புற்றுநோய் கண்டவர் இருந்தால் இதைச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, எடை, வழக்கமாக உண்பதில் எவ்வளவு உண்டார், ஏன் குறைந்தது. மூன்றாவதில் முழுதும், முக்கால், அரை, கால் என்று எழுதினால் போதும். நான்காவதில் புண், குமட்டல், சுவை இல்லை, விழுங்க முடியவில்லை என்று எழுதுங்கள். அவர் சம்மதத்தோடு செய்யுங்கள், பயமுறுத்தாதீர்கள்.

மருத்துவமனைக்கு மொழிபெயர்க்கப் போகும் பிள்ளை நீங்களானால், நான் சொன்ன ‘ஓகே’யைச் சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து எண்ணைச் சொல்லுங்கள். “பெரட் பாடான் துருன் லீமா கிலோ” என்றால் எடை ஐந்து கிலோ குறைந்துவிட்டது. “தாக் லாலு மாக்கான்” என்றால் சாப்பாடு இறங்கவில்லை. “போலே ஜும்பா பெகாவாய் டயட்டெட்டிக்?” என்றால் உணவியல் நிபுணரைப் பார்க்கலாமா? இந்த மூன்று வாக்கியங்கள் போதும். சிகிச்சைக்குப் பரிந்துரைப்பதும் முடிவெடுப்பதும் அவர்கள் வேலை. எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்துணவுப் பாடத்தில் அந்த ஆப்பிரிக்கக் குழந்தையின் படத்தோடு நிறுத்திவிடாமல், வளையல் முழங்கைக்கு ஏறிய ஒரு பாட்டியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். தேர்வில் வராது. வீட்டில் வரும்.

தமிழர்கள் நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது, “சாப்பிட்டாச்சா?” என்றுதான். பதில் எப்போதும் “ஆச்சு” என்பதே. நோயாளியிடம் அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். “எவ்வளவு?” என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

பெரியம்மா வெட்டிய பாலை முப்பது ஆண்டுகள், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், எடை போட்டுக் கணக்கில் எழுதினார்கள். அவர் நோயாகக் கிடந்த ஐந்து மாதம், அவருடைய எடையை எடுத்துப் படிக்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆகவேண்டாம்.